ஒரு புடவை தூரம்

என் தங்கை மகன் போன மாதம் எங்கேயோ மலைப்பக்கம் போய்க் கூடாரத்தில் தங்கிவிட்டு வந்து, கைப்பேசியில் படம் காட்டினான். ஆரஞ்சு நிறத்தில் கோழிக்கூடை அளவுக்கு ஒன்று. அதற்குள் காலை மடக்கிக்கொண்டு இவன். “செம ஃபீல் பெரிம்மா” என்றான். வீட்டில் கட்டில் மெத்தை இருக்கும்போது காலை மடக்கிப் படுப்பதில் என்ன ஃபீலோ. நான் படத்தைப் பெரிதாக்கி, பக்கத்துக் கூடாரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். “எதைத் தேடற பெரிம்மா?” என்றான். ஒன்றுமில்லையடா என்று கைப்பேசியைக் கொடுத்துவிட்டேன்.

கூடாரம் என்றால் என் கண் முதலில் இடைவெளிக்குத்தான் போகும். இது ஒரு வியாதி. எப்போது பிடித்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அறுபதைத் தாண்டிய நம் எல்லாருக்கும் கோடை விடுமுறை என்றால் ஒரு ஊர் ஞாபகத்துக்கு வரும். மாமா வீடு, சித்தி வீடு என்று ஆளுக்கொன்று வைத்திருப்பீர்கள். எனக்குத் தென்னேரி. அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் கிடையாது. அப்பா வேலை பார்த்த அலுவலகத்தில் ஊழியர்களுக்கு ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. அந்த மன்றம் ஒவ்வொரு மே மாதமும் தென்னேரி ஏரிக்கரை ஓரத்து மாந்தோப்பில் முகாம் போடும். பட்டாளத்தில் கழித்துப்போட்ட பச்சைக் கித்தான் கூடாரங்களை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு கூடாரம். சமையல் அவரவர் ஸ்டவ்வில். ஆண்கள் சீட்டாடுவார்கள், பெண்கள் கதை பேசுவார்கள், பிள்ளைகள் மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்துபோய்த் திரியும்.

அப்பா அந்த அலுவலகத்தில் ஜீப் ஓட்டுநராகச் சேர்ந்தவர். விடாமல் பரீட்சை எழுதி, அந்த வருஷம்தான் நாற்காலிக்கு வந்திருந்தார். முசரவாக்கம் காலனியிலிருந்து அந்த அலுவலகத்தில் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். மேசைக்காரர்கள்தான் மன்றத்தில் சேரலாம். அதிலும் எடுத்ததும் சேர முடியாது. ஒரு முகாமுக்கு விருந்தாளியாகக் குடும்பத்தோடு வரவேண்டும். கடைசி நாள் சாயங்காலம் மரத்தடியில் கூட்டம் நடக்கும். பெயரைப் படிப்பார்கள். எல்லாரும் கை தூக்கினால் உறுப்பினர்.

அந்தக் கை தூக்கலுக்காக அப்பா பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். புதுப் பனியன் நான்கு வாங்கினார். தங்கை அப்போது பிறக்கவில்லை; எனக்குச் சாப்பிடும்போது சத்தம் வரக்கூடாது என்று பயிற்சி நடந்தது. அம்மாவிடம் “கருவாடு மட்டும் எடுத்துக்காத, சொல்லிட்டேன்” என்றார். அம்மா கருவாட்டை வைத்துவிட்டு, தன் கல்யாணப் பட்டுப்புடவையை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அரக்கு நிறம், மயில்கழுத்துப் பச்சையில் கரை. கூட்டத்தன்றைக்குக் கட்டிக்கொள்ள. தோப்பில் மண்ணும் எறும்புமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பட்டை வயிற்றோடு அணைத்தபடிதான் பஸ்ஸில் வந்தாள்.

முகாமுக்குப் பொறுப்பு, தலைமை எழுத்தர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். கழுத்தில் விசில், கையில் பிரம்பு. வார்டன் சார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. பிள்ளைகள் மரத்திலிருந்து விழுந்தால் முதலில் ஓடிவருகிறவர் அவர்தான். ஆனால் தோப்பு வாசலில் அவர் எழுதி மாட்டியிருந்த பலகை ஒன்று உண்டு, அதைவிட்டு ஒரு அங்குலம் நகரமாட்டார். பாத்திரம் அடிபம்பு அருகில் மட்டும் விளக்கவும். மதியம் சத்தம் கூடாது. அடுத்தவர் கூடாரக் கயிற்றைத் தாண்டி நடக்கக்கூடாது, பாதை வழியாகச் சுற்றி வரவும். இப்படிப் போகும். அதில் ஒன்று இது: கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே ஒரு புடவை இடைவெளி.

சிரிக்காதீர்கள். முன்னொரு வருஷம் யாரோ ஒருவருடைய ஸ்டவ் வெடித்து, கித்தான் பற்றி, பக்கத்துக் கூடாரத்துக்கும் தாவியிருக்கிறது. இனிமேல் இடம் விட்டு அடிக்கவேண்டும் என்று முடிவு செய்தார்கள். அளக்க டேப் இல்லை. கொடியில் காய்ந்த புடவையை எடுத்துப் பிடித்து அளந்தார்கள். வேறு ஊராக இருந்தால் அடுத்த வருஷம் டேப் வாங்கியிருப்பார்கள். காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புடவையே போதுமாக இருந்தது, அப்படியே பலகையிலும் ஏறிவிட்டது. ஜாக்கெட் துணியைச் சேர்த்தா சேர்க்காமலா என்று வருஷா வருஷம் ஒரு சண்டை வேறு நடக்குமாம்.

பலகையில் இல்லாத சட்டங்களும் இருந்தன. எண்ணெய்ச் சட்டி வைத்தால் இரண்டு பக்கத்துக் கூடாரத்துக்கும் ஒரு கிண்ணம் போகவேண்டும். கிண்ணம் வெறுமையாகத் திரும்பக்கூடாது. அடுத்த கூடாரத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைக்கவேண்டும், காது கேட்காத மாதிரி. இதையெல்லாம் அப்பா யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து எங்களுக்குப் பாடமாகச் சொல்லியிருந்தார்.

நாங்கள் போய் இறங்கியபோது மற்ற கூடாரங்களை அடித்து முடித்திருந்தார்கள். அடிபம்பிலிருந்து தொடங்கி ஒரே வரிசை. கடைசியில் மன்றத்துப் பொருளாளர் குடும்பத்தின் கூடாரம். அதற்கு அப்பால் எங்களுக்கு. அங்கிருந்து பார்த்தால் பனைமரங்களும் வற்றிப்போன ஏரியும்தான். வார்டன் சார் புடவை கேட்டார். பொருளாளரின் மனைவி கூடாரத்துக்குள் போய், கஞ்சி போட்டு மடித்த வெள்ளைப் பருத்திப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். “இத வச்சு அளங்க, நன்னா இருக்கும்” என்று சிரித்தார். ஒரு முனையை வார்டன் சார் பிடித்தார், மறுமுனையை அப்பா பிடித்துக்கொண்டு நடந்தார். நடந்தார், இன்னும் நடந்தார். புடவை முடிந்த இடத்தில் முளை அடித்தோம். அம்மா புடவையை வாங்கி மடித்துக் கொடுத்தாள்.

“எவ்ளோ எடம் குடுத்திருக்காங்க பாத்தியா” என்றார் அப்பா, அம்மாவிடம். “நம்மளுக்கு காத்து நல்லா வரும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் நான்கு பேர் படுத்தால் ஐந்தாவது ஆள் நின்றுகொண்டிருக்கவேண்டும். இங்கே கூடாரத்துக்கு வெளியிலேயே பாண்டி ஆடக் கட்டம் போட இடம் இருந்தது. போட்டேன். மற்ற கூடாரங்களுக்கு நடுவில் அவ்வளவு இடம் இல்லாததால் பிள்ளைகள் எல்லாம் ஆட இங்கே வந்தார்கள். நான் இடத்துக்குச் சொந்தக்காரி மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றேன். “எங்களுக்குத்தான் பெரிய எடம். வார்டன் சாரே அளந்து குடுத்தாரு” என்றேன்.

பொருளாளர் மகள் என் வயதுதான். கட்டத்தில் நொண்டியடித்துக்கொண்டே சொன்னாள். “அது எங்க பாட்டியோட புடவை. ஒம்பது கெஜம். எங்களுக்கெல்லாம் எங்கம்மா புடவைல அளந்தா, ஆறு கெஜம்.” சொல்லிவிட்டுச் சில்லைப் பொறுக்கினாள். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகத் தோன்றவில்லை. மதியம் என்ன சாப்பிட்டோம் என்பதைப்போலச் சொன்னாள்.

சுற்றி நின்ற பிள்ளைகளில் பெரியவன் ஒருவன் மட்டும் சிரித்தான். மற்றவர்களுக்குப் புரிந்ததோ என்னவோ. எனக்குப் புரிந்துவிட்டது. முகம் காதெல்லாம் எரிந்தது. தள்ளி வைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அதைப் பரிசு என்று நினைத்து ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேனே. அந்தப் பெரியவனின் சிரிப்பு அதற்குத்தான். கட்டத்தைக் காலால் அழித்துவிட்டுக் கூடாரத்துக்குள் ஓடினேன்.

உள்ளே அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கித்தான் வெயிலில் காய்ந்து மெழுகு நாற்றம் அடிக்கும். உள்ளே விழுகிற வெளிச்சம் பச்சையாக இருக்கும், எல்லாருடைய முகமும் நோயாளி முகமாகத் தெரியும். நான் சொன்னதைக் கேட்டு அவள் கை நிற்கவில்லை.

“தெரியும்” என்றாள்.

“தெரியுமா?”

“கையில வாங்கறப்பவே தெரியாதா? ஆறு கெஜத்துக்கும் ஒம்பது கெஜத்துக்கும் கனம் வேற இல்ல? கத்தாத. அப்பாகிட்ட சொல்லிக்கினு இருக்காத. சந்தோஷமா இருக்காரு மனுஷன். இன்னும் கொஞ்ச நாள், கை தூக்கிட்டாங்கன்னா முடிஞ்சுது.”

“உனக்கு வெக்கமா இல்லியாம்மா?”

“கம்முனு இரு” என்றாள். அரிசி களைந்த தண்ணீரை வெளியே கொட்டப் போனாள்.

அன்றிலிருந்து நான் அவர்கள் இருவரையும் பார்த்து வெட்கப்பட ஆரம்பித்தேன். அப்பா காலையில் வார்டன் சார் ரோந்து வரும்போது எழுந்து நின்று “வணக்கம் சார், நல்லா தூங்கினோம் சார்” என்பார். கேட்காமலே சொல்வார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருக்கும். அம்மா பணியாரம் சுட்டுக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அந்த நீள இடைவெளியை நடந்து போவாள். “எதுக்கும்மா வெயில்ல இவ்ளோ தூரம் வரேள், நாங்களே வரோமே” என்று பொருளாளர் மனைவி வாங்கி வைத்துக்கொள்வார். அவர் வரவில்லை. கிண்ணம் மட்டும் ஒருநாள் வந்தது, பம்படியில் எங்கள் பாத்திரங்களோடு இருந்தது, கழுவி, காலியாக. அம்மா அதை எடுத்து மற்ற பாத்திரங்களுக்கு அடியில் கவிழ்த்து வைத்தாள். அப்பாவின் கண்ணில் படக்கூடாது என்று அப்படி வைத்தாள் என்பது இப்போது புரிகிறது. அப்போது, சூடு சொரணை இல்லாதவள் என்று நினைத்தேன்.

முகாம் முடிய இரண்டு நாள் இருந்தபோது இன்னொரு குடும்பம் வந்தது. புதிதாக மாற்றலாகி வந்த பதிவறை எழுத்தர், அவர் மனைவி, என்னைவிட இளைய ஒரு பெண். நகராட்சியில் தெரு கூட்டுகிறவர்கள் வீட்டிலிருந்து படித்து வந்தவர் என்று பம்படியில் பேசிக்கொண்டார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், தமிழிலும் அது எட்டிப்பார்க்கும். அவர்களும் விருந்தாளிகள்தான், அவர்கள் பெயரும் அந்தக் கூட்டத்தில் படிக்கப்படும். அவர்களுக்கு எங்களுக்கு அடுத்தாற்போல, பனைமரங்களை ஒட்டி இடம்.

அதே வெள்ளைப் புடவை வந்தது. வார்டன் சார் கம்புகளை இறக்குகிற ஆட்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். “நீங்களே அளந்துடுங்கப்பா” என்று புடவையை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா ஒரு முனையை எங்கள் கூடாரத்து முளையருகில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அம்மாவிடம் நீட்டினார். “நீ புடிச்சுக்கினு நடம்மா” என்றார்.

அம்மா நடந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். புடவை அவள் கையிலிருந்து நீண்டுகொண்டே போகவேண்டும், போகவில்லை. அவள் இடது கை புடவையைப் பிடித்திருந்தது. வலது கை விரல்கள் மடித்துக்கொண்டிருந்தன. ஒரு மடிப்பு, அதன்மேல் ஒரு மடிப்பு. காலையில் புடவை கட்டும்போது கொசுவம் வைக்கிற அதே வேகம், கண் அதைப் பார்க்கக்கூட இல்லை. கொசுவம் முழுவதும் முந்தானைக்குள் மறைந்தது. புடவை இழுத்துப் பிடித்த கோடாக நின்றது. முடிந்த இடம் எங்கள் கூடாரத்துக்கு வெகு பக்கத்தில் இருந்தது.

 யாராவது பார்த்துவிட்டால் கூட்டம் அவ்வளவுதான், கை அவ்வளவுதான். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா அம்மாவின் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரியா இருக்குதா?” என்று அங்கிருந்தே கத்தினார் வார்டன் சார்.

“சரியா இருக்குதுங்க சார்” என்றார் அப்பா.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கும் முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஜீப்பில் போய் எத்தனை கடைகளில் எத்தனை அதிகாரி வீட்டுக்குப் புடவை வாங்கிக் கொடுத்தவர் அவர். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று காற்று நன்றாக வரும் என்றிருக்கிறார். ஆளுக்கு ஆள் மூடி மறைத்துக்கொண்டு, நடுவில் நான் ஒருத்திதான் அறிவாளி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் முகாமில் எங்களுக்கு முதன்முதலாக அக்கம்பக்கம் என்று ஒன்று கிடைத்தது. அந்த அம்மாள் “அக்கா, உப்பு இருக்குதா” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். அம்மா எழுந்து இரண்டு எட்டு வைத்துக் கொடுத்தாள். பச்சைமிளகாய்ப் பச்சடி ஒன்று கிண்ணத்தில் வந்தது, காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மா கிண்ணத்தில் பணியாரம் வைத்துத் திருப்பினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்து “ரா” என்றது. தெலுங்கில் வா என்று அர்த்தமாம். நான் போகவில்லை. வரிசையிலிருந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்தவள் என்று என்னை நினைத்துவிடுவார்களே என்று பயம். ஒன்பது கெஜத்தை வைத்து அளந்தவர்களின் கண்ணால்தான் நானும் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் வாய் கசக்கிறது.

மறுநாள் காலை வார்டன் சார் ரோந்து வந்தார். எங்கள் கூடாரத்துக்கு முன்னால் வந்ததும் நின்றார். இந்தப் பக்கம் திரும்பிப் பொருளாளர் கூடாரத்தைப் பார்த்தார். அந்தப் பக்கம் திரும்பிப் புதுக் கூடாரத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரு புடவை இடைவெளி. ஒன்றில் பிள்ளைகள் பாண்டி ஆடலாம், மற்றதில் உட்கார்ந்தபடி உப்பு வாங்கலாம். எங்கள் கூடாரம் நடுவில் நின்று இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் சிவந்தது. விசிலை வாயில் வைத்தவர், ஊதாமல் எடுத்துவிட்டார். போய்ப் பொருளாளரை அழைத்து வந்தார். இருவரும் கொஞ்சநேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

அவர் எங்கள் கூடாரத்தை வரிசைப் பக்கம் இழுத்து அடிக்கச் சொல்லியிருக்கலாம். அதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது. நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். நிஜமாகவே எதிர்பார்த்தேன்.

“இந்த இடைவெளி குறைச்சலா இருக்கேப்பா” என்றார் அப்பாவிடம், புதுக் கூடாரத்தைப் பிரம்பால் காட்டி. “நெருப்புன்னு வந்தா யார் பொறுப்பு? மறுபடி அளப்போம்.”

வெள்ளைப் புடவை வந்தது. இந்தத் தடவை வார்டன் சாரே ஒரு முனையைப் பிடித்தார், பொருளாளர் மறுமுனையைப் பிடித்தார். புடவை புதுக் கூடாரத்தின் வாசலைத் தாண்டி உள்ளே போனது. உள்ளே அந்த அம்மாள் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார், எழுந்து ஒதுங்கினார். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

“தள்ளிப் போட்டுடுங்க” என்றார் வார்டன் சார். “எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.”

அந்த எழுத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முளையைப் பிடுங்கினார். அப்பாவும் போய்ப் பிடுங்கினார். அம்மா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டம் மறுநாள் சாயங்காலம். நான் அப்பாவின் முதுகைப் பார்த்து, இன்னும் ஒரு நாள்தான், பேசாமல் இரு, பேசாமல் இரு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேசாமல்தான் இருந்தார். கூடாரத்தைத் தள்ளி நிறுத்தி, கடைசி முளையை அடித்து, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எங்கள் கூடாரத்துக்கு வந்தார்.

“அந்தப் பட்டை எடு” என்றார் அம்மாவிடம்.

“எந்தப் பட்டு?”

“நீ எடுத்தாந்ததுதான். எடும்மா.”

அம்மா அவரைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து மஞ்சள் துணியைப் பிரித்து, புடவையைக் கொடுத்தாள். இரண்டு கையாலும் கொடுத்தாள்.

அப்பா அதைத் தூக்கிக்கொண்டு புதுக் கூடாரத்து முளைக்குப் போனார். “அண்ணே, இந்த முனையக் கொஞ்சம் புடி” என்று அந்த எழுத்தரிடம் கொடுத்தார். பிறகு எங்கள் பக்கமாக நடந்து வந்தார். அரக்குப் பட்டு காலை வெயிலில் விரிந்தது, கரையில் சருகு ஒட்டியது, கட்டெறும்பு ஏறியது. புடவை முடிந்த இடத்தில் செருப்பால் ஒரு கோடு கிழித்தார். எங்கள் கூடாரம் கோட்டுக்குப் பின்னால் மூன்று கெஜம் தள்ளி நின்றது.

“என்னப்பா பண்றே?” என்றார் வார்டன் சார்.

“எங்க டென்ட்ட இங்க மாத்திக்கிறேங்க சார். ஒரு புடவை இடைவெளிதானுங்களே?”

“அதான் அளந்தாச்சே.”

“இதுவும் புடவைதானுங்க சார்” என்றார் அப்பா. குரல் உயரவில்லை. “காஞ்சிபுரத்துல கடையில போய்க் கேட்டா, இதைத்தான் புடவைன்னு எடுத்துக் குடுப்பாங்க.”

 பொருளாளர், “உன் இஷ்டம், அப்புறம் எங்களச் சொல்லாத” என்று புடவையைச் சுருட்டிக்கொண்டு போனார். வார்டன் சார் அங்கேயே நின்றார். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, பட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா எங்கள் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தார். ஏற்கெனவே தள்ளி இருந்தவர்கள், இப்போது நாங்களாகவே இன்னும் தள்ளிப் போகப்போகிறோம். வரிசைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு தெருவே போகலாம். நாளைக்குக் கை தூக்கமாட்டார்கள். வரிசையில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பெரியவன் உட்பட. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடாரத்துக்குள் ஓடி நடுக்கம்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். நகர்த்தக்கூடாது. நகர்த்த விடமாட்டேன். “வேணாம்பா” என்றேன். அழுகையில் அது வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

வெளியே கயிறுகள் தளர்ந்தன. கித்தான் என் தலைமேல் இறங்கியது. நான் விடவில்லை. கம்பு சாயாமல் நின்றது. நான் கட்டிக்கொண்டு நின்றதால்தான் நின்றது.

அப்பா தலையை உள்ளே நீட்டினார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்பிடித்தான், நல்லா புடிச்சுக்கோம்மா. விட்டா சாஞ்சிடும்” என்றார். வெளியே திரும்பி அந்த எழுத்தரிடம், “எம்பொண்ணுபா. யாரும் சொல்லல, அதுவா வந்து புடிச்சுக்கினு நிக்கிது” என்றார்.

இருவரும் எங்கள் கூடாரத்தை என்னோடு சேர்த்து நகர்த்தினார்கள். கம்பு நகர, கம்போடு நானும் நகர்ந்தேன். என் பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்திருக்கும். வரிசைப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் கூட்டத்தில் எங்கள் பெயரையும் படிக்கவில்லை, அவர்கள் பெயரையும் படிக்கவில்லை. கை தூக்காமல் இருக்கிற சிரமத்தைக்கூட யாருக்கும் வைக்கவில்லை. அம்மா பட்டைக் கட்டவில்லை. கரையில் பட்ட மாம்பால் கறை போகவில்லை, பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அதைக் கட்டவில்லை. இன்று அந்தப் புடவை எங்கே என்று எனக்கும் தெரியாது, தங்கைக்கும் தெரியாது. கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது அம்மாவும் அந்த அம்மாளும் ஒரே அடுப்பில் குழம்பு வைத்தார்கள். கருவாடு இல்லையே என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்று மறுபடியும் “ரா” என்றது. நான் கித்தான் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அப்பா அதே அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றார். மன்றத்துக்கு மறுபடி கேட்கவில்லை. முகாமைப் பற்றிப் பேசினால், புடவையைச் சொல்லமாட்டார், வார்டனைச் சொல்லமாட்டார், பட்டைச் சொல்லமாட்டார். என்னைத்தான் சொல்வார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னார். என் முதல் வேலைக்கு ஆர்டர் வந்த அன்று தெருவில் நிறுத்திச் சொன்னார். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஊசி போட வந்த நர்ஸிடமும் சொன்னார். “ஊரே அந்தப் பக்கம் நின்னுது சிஸ்டர். இது மட்டும் எங்கூட நின்னுது. தலைமேல டென்ட் எறங்குது, கம்ப விடவே இல்ல.”

நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். விடவில்லைதான்.